ஓட்டுவது யார்?

கரியாலூர்
5.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை இருசம்மாள் எழுதுவது. உங்கள் முதுகுவலி எந்த மட்டில் இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? இங்கே பனி ஜாஸ்தி. நான் சுகம். மகள் கவியா கள்ளக்குறிச்சி விடுதியில் சுகம், சோறுதான் பிடிக்கவில்லையாம். அவரும் சுகம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. போன் பேச வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏற வேண்டும். அங்கே எப்போதும் நாலு பேர் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். நான் உங்களிடம் பேசி முடித்துவிட்டு இறங்குவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் ஊருக்குள் போய்விடும். கடிதத்தைப் பிரிப்பது நீங்கள் ஒருவர்தானே.

ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஓசூரில் பெரிய ஷோரூமில் இத்தனை வருடமாக வண்டி விற்கிறீர்கள். எது எங்களுக்குச் சரிப்படும் என்று எழுதுங்கள். பணம் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். பதிலை வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை பார்க்கிற அங்கன்வாடி முகவரிக்கு என் பெயரில் போடுங்கள். அவரிடம் நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

இருசம்மாள்


ஓசூர்
14.2.2024

அன்புத் தங்கை இருசம்மாளுக்கு, அண்ணன் தீனதயாளனின் ஆசிகள். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. அண்ணியின் இருமல் போய் இப்போது எனக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

வாசலில் மாப்பிள்ளையின் வாடகை ஜீப் நிற்கும்போது ஸ்கூட்டர் எதற்கு? மாப்பிள்ளைக்குத் திடீரென்று மைலேஜ் ஆசையா? சரி, வாங்குகிறவரை ஏன் என்று கேட்டால் என் பிழைப்பு என்னாவது!

வண்டி வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரி. காலைப் பார்த்துத்தான் செருப்பு. பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருக்கிறானே என்று வாங்கினால் கடிக்கும். கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். ஓட்டுவது யார்? ஓடப்போகிற ரோடு எது? ஏறப்போவது என்ன? இந்த மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால் வண்டி தானாக முன்னால் வந்து நிற்கும். நீயும் எழுது.

உன் அண்ணன்,
தீனதயாளன்


கரியாலூர்
2.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இருசம்மாள். வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடியுங்கள், இருமல் அடங்கும். இங்கே எல்லோரும் சுகம். அவரும் சுகம்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ரோடு உங்களுக்குத் தெரிந்ததுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமதளம், பிறகு மலை, வளைவுக்கு மேல் வளைவு. உங்கள் மாப்பிள்ளை ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஆரன் அடிப்பாரே, வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே அடித்துவிடுவார், அந்த ரோடுதான். தார் ரோடு முடிந்து எங்கள் வீடு வரை செம்மண். மழை பெய்தால் வழுக்கும்.

ஏற்றுவது ரேஷன் அரிசி, மரவள்ளிக் கிழங்கு, சில நாள் சாமை மூட்டை. அதோடு பின்னால் ஓர் ஆள். எழுபது கிலோ இருக்கும். சீட்டு தாழ்வாக இருக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள கம்பி வேண்டும். கால் வைக்கிற இடம் அகலமாக இருக்க வேண்டும்.

நிறம் கறுப்பு வேண்டாம், சாம்பலும் வேண்டாம். மஞ்சள் கிடைத்தால் நல்லது. தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்க வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இருசம்மாள்


ஓசூர்
11.3.2024

அன்புத் தங்கைக்கு, நலம். மிளகுத் தண்ணீர் வேலை செய்தது. அண்ணி உனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

மூன்று கேள்விக்கு இரண்டு பதில்தான் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தான், கடினமான கணக்கை விட்டுவிடுவாய். போகட்டும், ஓட்டுவது மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியாதா? பின்னால் எழுபது கிலோ என்று எழுதியிருக்கிறாயே, அது நீயா? கல்யாணத்தில் ஐம்பதுகூட இருக்கமாட்டாய். மலைக்காற்று உனக்கு நன்றாகத்தான் ஒத்துக்கொள்கிறது!

என் கணக்கு இது. எக்செல் மொபெட் மூட்டைக்கு நல்லது, ரெண்டு பேரோடு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பேட்டரி வண்டி சத்தம் போடாது, பெட்ரோல் கேட்காது, ஆனால் உங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். பாதி மலையில் நின்றால் தள்ளுவது யார்? நூற்றுப்பத்து சிசி ஸ்கூட்டர் டவுனுக்குப் போதும். மலைக்கு நூற்றிருபத்தைந்து வேண்டும். ஆனால் மாப்பிள்ளை கியர் போட்டுப் பழகிய ஆள். அவருக்கு பைக்தான் பொருத்தம். ஸ்கூட்டரில் உட்கார வைத்தால் கிளட்சைத் தேடிக்கொண்டு இருப்பார். இங்கே கறுப்பு பைக் ஒன்று தள்ளுபடியில் நிற்கிறது. சொல், பிடித்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் முக்கியம். நம் மலைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே கீழே போவது. ஒரு டீக்காசு பெட்ரோல் மிச்சம். அதை ஸ்கூட்டரில் செய்தால் முழு பாரத்தையும் பிரேக் மட்டும்தான் தாங்கும். சூடேறினால் பிடிக்காது. எந்த வண்டி வாங்கினாலும் இதைச் செய்யக் கூடாது.

தீனதயாளன்


கரியாலூர்
6.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இருசம்மாள். புடவைக்கு அண்ணியிடம் நன்றி சொல்லுங்கள். நான் சுகம். கவியாவுக்குப் பரீட்சை நடக்கிறது.

பைக் வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் வேண்டும்.

இங்கே ஒரு சங்கதி. இறக்கம் தொடங்கும் இடத்தில் இருக்கும் முனியப்பனை உங்களுக்குத் தெரியும். கீழே போகிற வண்டி எதுவானாலும் அங்கே நிறுத்தி, டிரைவர் இறங்கி ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் எடுப்பார். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மாசியில் வந்தார்கள். பூசை போட்டு, முனியப்பனை எடுத்து, கொஞ்சம் கீழே இடது பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள்.

போன சந்தை நாளில் ஜீப் நிறைய ஆள். முன்சீட்டில் நான். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அக்காவின் பேத்தி என் மடியில். அவர் பழைய இடத்தில் நிறுத்தினார். இறங்கினார். ஒன்றும் இல்லாத மண்ணில் பழத்தை வைத்துக் கும்பிட்டார். சாமி அவருக்கு இடது கைப்பக்கம் நிற்கிறது. பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். “இன்னா மாமா, சாமி அங்க நின்னுக்கினு கீது, நீங்க ரோட்டக் கும்புடுறீங்க?” என்று கேட்டார்கள். “பழகின எடத்துக்கும் ஒரு மரியாத குடுக்கணுமில்ல” என்று அவரும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். எல்லோருக்கும் வேடிக்கையாகப் போய்விட்டது.

நான் சிரிக்கவில்லை. கீழே போய்ச் சேரும்வரை அந்தக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது அழ ஆரம்பித்துவிட்டது.

சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரிந்த ஒருவர் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?

இருசம்மாள்


ஓசூர்
15.4.2024

அன்புத் தங்கைக்கு, நாங்கள் நலம். முனியப்பன் கதையை அண்ணியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

சைக்கிள் தெரிந்தவருக்கு ஒரு வாரம் போதும். மலைக்கு இன்னும் ஒரு மாதம். ஆனால் கற்றுக்கொள்ளப் போவது யார்? இத்தோடு முதல் கேள்வியை இரண்டாவது தடவை கேட்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் என் சிநேகிதன் நவுஷாத் வண்டிக் கடை வைத்திருக்கிறான். அவன் அப்பா கலீலுல்லா பாய் காலத்திலிருந்து பழக்கம், ஏமாற்ற மாட்டான். நேரில் போய், உட்கார்ந்து பார்த்து, பிடித்ததைச் சொல். காகிதத்தில் எழுதி வண்டி தேர்ந்தெடுக்க முடியாது.

நீ எப்போதும் மாப்பிள்ளை சுகம் என்று எழுதுவாய். இந்தக் கடிதத்தில் அது இல்லை. மறந்துவிட்டாயா?

தீனதயாளன்


ஓசூர்
10.6.2024

இருசு, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமா?

நேற்று நவுஷாத் போன் செய்தான். நீ நாலைந்து தடவை கடைக்கு வந்தாயாம். அவன் தங்கை நௌஷீன் உன்னை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாளாம். எட்டு போட்டுக் காட்டினாயாம். எல்எல்ஆர் எடுத்தாகிவிட்டதாம். இதெல்லாம் எனக்கு ஊர் வழியாகத்தான் தெரிய வேண்டுமா? ஓட்டப்போவது நீதான் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

அவன் இன்னொன்றும் சொன்னான். “தயா, உன் தங்கச்சி மைலேஜப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. பின்னாடி கால் வெக்கிற எடத்தையே பார்த்துக்கினு இருந்துச்சு. கண்ணு சரியா தெரியாதவங்க காலால தடவிப் பார்த்து ஏற முடியுமான்னு கேட்டுச்சு.”

கண் தெரியாதவர் யார்? எழுபது கிலோ யார்? உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்து வரிசையாகப் படித்தேன். சிரித்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் கண்ணில் கோளாறு என்றால் அவர் ஜீப்பில் ஆளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கக் கூடாது. ஒரு தடவைகூடக் கூடாது. நீ சொல்ல முடியாவிட்டால் ஆடியில் நானே வந்து சாவியை வாங்கிக்கொள்கிறேன். உடனே பதில் போடு.

அண்ணன்


கரியாலூர்
19.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு, நான் சுகம். அவர் சுகமில்லை.

போன வருடம் தீபாவளிக்கு முன்பு புதுச்சேரியில் காட்டினோம். விழித்திரை தேய்கிறதாம். பக்கத்துப் பார்வை முதலில் போகும், நேர்ப்பார்வை கடைசியாகப் போகும், இதற்கு மருந்து கிடையாது என்றார்கள். இருட்டினால் இப்போதே ஒன்றும் தெரியாது. பகலில் குழாய்க்குள் பார்ப்பது மாதிரி நேராக மட்டும் தெரிகிறது. வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “டாக்டருக்கு நம்ம ரோடு தெரியாது” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ரோடு அவர் உடம்புக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே எந்த வளைவு எப்போது வரும் என்று சொல்வார். ஆனால் ரோடு அப்படியே இருக்கும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்? சாமியே இடம் மாறிவிட்டது. நாளைக்கு வளைவில் ஒரு மாடு நிற்கும், ஒரு குழந்தை ஓடும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கவியா தலைமேல் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினார். இன்று உடைத்துவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

நீங்கள் வர வேண்டாம். சாவியைப் பிடுங்கினால் கொடுத்துவிடுவார், உங்கள் சொல்லைத் தட்ட மாட்டார். கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுவார். பிறகு எழுந்திருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். இருபது வருடமாக மலையில் பிரசவ வலி என்றால், பாம்புக்கடி என்றால் கதவைத் தட்டி எழுப்புவது அவரைத்தான். அவர் கையால் அவரே கொடுக்க வேண்டும். கொடுத்த மறுநாள் அவர் போய்வர ஒரு வண்டி வாசலில் நிற்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கூட்டர்.

சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “பொம்பள ஓட்ட, நான் பின்னால குந்திக்கினு சந்தைக்குப் போவணுமா?” என்றார்.

ஒவ்வொரு சந்தை நாளிலும் முன்சீட்டில் நான்தான் உட்காருகிறேன். இடது பக்கம் ஏதாவது வந்தால் இருமுகிறேன். அவர் திரும்பிப் பார்க்கிறார். பயமாக இருக்கிறது அண்ணா.

இருசம்மாள்


ஓசூர்
28.7.2024

அன்புத் தங்கைக்கு, ஆசிகள். அண்ணி உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.

வருவதற்குப் பையை எடுத்து வைத்தேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டுப் பையைப் பிரித்துவிட்டேன். நீ சொல்கிறபடியே இருக்கட்டும். ஆனால் ரொம்ப நாள் தள்ளாதே. உங்கள் சந்தை நாளை அண்ணி இங்கே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.

நவுஷாத்திடம் சொல்லிவிட்டேன். நூற்றிருபத்தைந்து சிசி, முன்னால் டிஸ்க் பிரேக், ஒரு பிரேக் பிடித்தால் ரெண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். சீட்டு உன் உயரத்துக்குச் சரி, ரெண்டு காலும் தரையில் ஊன்றும். பின்னால் முதுகுக்குச் சாய்மானம் வைத்த கம்பி. கால் வைக்க அகலமான பலகை, மேலே ரப்பர் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், காலுக்குத் தட்டுப்படும். மஞ்சள் நிறம் வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்கிறான். நீலம் தயாராக இருக்கிறது. எதைச் சொல்லட்டும்?

இத்தனை வருடம் மூன்று கேள்வி கேட்டு வண்டி விற்றேன். பின்னால் உட்காருவது யார் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

தீனதயாளன்


கரியாலூர்
4.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இருசம்மாள். அண்ணிக்கும் உங்களுக்கும் எங்கள் வணக்கம். இங்கே மழை நல்ல மழை. நாங்கள் இருக்கிறோம்.

மஞ்சள்தான் வேண்டும் என்று நான் பாறை மேல் ஏறிப் போனில் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். ஏன் அத்தனை பிடிவாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லைசென்ஸ் வந்ததும் போன வாரம் வண்டியை எடுத்தேன். கச்சிராயபாளையம் வரை நௌஷீன் கூட வந்தாள். அதற்கு மேல் நானே ஏற்றினேன். இன்ஜினை எங்கும் அணைக்கவில்லை.

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். கிட்டே வந்து ஹேண்டில்பாரிலிருந்து பின்விளக்கு வரை தடவிப் பார்த்தார். “யாருது?” என்றார். “நம்முது” என்றேன். “யார் ஓட்டறது?” என்றார். உங்கள் முதல் கேள்வியேதான், நீங்கள் ரெண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை என்பது சரிதான். “நான்தான்” என்றேன். உள்ளே போய்விட்டார். மூன்று நாள் சோற்றை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

சந்தை நாள் காலையில் ஜீப்பில் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல வெயில். அவர் சாவியைப் போட்டு, முதல் கியரில் மெதுவாக இடது பக்கம் ஒடித்தார். ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது. ஜீப்பின் மூக்கு போய் இடித்தது. ஸ்கூட்டர் சாய்ந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் இறங்கி வந்தார். கீழே கிடக்கிற வண்டியைக் கையால் தேடிப் பிடித்தார். “இது இங்கயா நின்னுக்கினு இருந்துச்சு?” என்றார். புதுசு, மஞ்சள், பட்டப்பகல். கறுப்பாக இருந்தால் நிழலில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பனியாக இருந்தால் பனி மேல் பழி போட்டிருக்கலாம். அன்று எதன் மேலும் பழி போட முடியவில்லை. ஜீப்பில் இருந்த பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. காசியம்மாள் அக்கா பேத்தியை மெல்லத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அக்கா இறங்கிய சத்தத்தைத்தான் உங்கள் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த ஐயப்பனைக் கூப்பிட்டார். லைசென்ஸ் இருந்தும் ஜீப் இல்லாத பையன். சாவியை அவன் கையில் வைத்து, “ஒவ்வொரு வளைவுக்கும் ஆரன் அடிக்கணும், மறக்காத” என்றார்.

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்த வேறு இடமும் இருந்தது அண்ணா. அங்கே நிறுத்தியது நான்தான். இதை அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவேன்.

ஸ்கூட்டரின் முன் மட்காடு நெளிந்திருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று நவுஷாத்திடம் சொல்லிவிடுங்கள்.

இருசம்மாள்


கரியாலூர்
17.11.2024

மச்சானுக்குக் காசிநாதன் சொல்ல, இருசம்மாள் எழுதுவது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு.

மச்சான், எப்டி இருக்கீங்க? அக்கா நல்லா இருக்குதா? என் கண்ணப் பத்தி மட்டும் கேக்காதீங்க, மத்தபடி ஒடம்பு கல்லு மாதிரி கீது. ரெண்டு வாரம் வூட்டுலயே படுத்துக் கெடந்தேன், அத ஒத்துக்கறேன். அப்புறம் ஒரு நாளு உங்க தங்கச்சி தனியா கெளம்பிச்சு. முதல் வளைவுல ஆரன் சத்தமே வரல. வூட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கினு இருந்தேன், வரவே இல்ல. இது இன்னாடா வம்பாப் போச்சுன்னு அடுத்த சந்தைக்கு நானும் ஏறிக் குந்திட்டேன்.

ஓட்டறது மோசமில்ல. (இதை நான் கேட்டு வாங்கவில்லை அண்ணா.) இறக்கத்துல அணைக்கறதில்ல. முனியப்பனாண்ட ரெண்டு வாட்டி நிறுத்துது. பழைய எடத்துல எனக்காவ ஒண்ணு, புது எடத்துல சாமிக்காவ ஒண்ணு. எலுமிச்சம்பழம் ஜாஸ்தி செலவாவுது, பரவால்ல.

ஆனா ஆரன் விஷயத்துல சொன்னா கேக்காது. வளைவு கண்ணுக்குத் தெரிஞ்ச அப்புறம்தான் அடிக்குது. அதுக்குள்ள மேலேருந்து வர்றவன் பாதி ரோட்டுக்கு வந்துடுவான். வளைவு வருது, அடின்னு பின்னாலேருந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்ட போச்சு. எனக்கு எந்த வளைவு எப்ப வரும்னு தெரியுது, கைதான் எட்டல.

அதனால மச்சான், பெரிய கடையில இருக்கீங்க, விசாரிச்சுச் சொல்லுங்க. பின்சீட்டுக்கு ஒரு ஆரன் தனியா வெக்க முடியுமா? சத்தமா இருக்கணும்.